தேங்காய் உடைத்த வலது கண்

தென்னைக்குக் கண் உண்டு, அது யார் தலையிலும் காயைப் போடாது என்று எங்கள் அம்மா சொல்வார். அந்தச் சலுகை மனிதர்களுக்கு மட்டும்தான் என்பது 2025ஆம் ஆண்டு ஐப்பசியில், அருமனை அருகே உள்ள அண்ணன் வீட்டு முற்றத்தில் எனக்குத் தெரியவந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது சடாரென்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், முற்றிய காய் ஒன்று என் ஹூண்டாய் ஐ10 காரின் பானெட் ஓரத்தில் சிறு குழியைப் பதித்து, அங்கிருந்து சறுக்கி வலப்பக்க ஹெட்லைட்டின் கண்ணாடியை உள்ளே தள்ளிவிட்டு, தனக்கு ஒரு கீறலும் இல்லாமல் செம்பருத்திச் செடியடியில் கிடந்தது. மைனி அதை எடுத்துத் துடைத்து, நான் கிளம்பும்போது பையில் போட்டுக் கொடுத்தார். "தம்பி வண்டிய உடச்ச தேங்கா, தம்பியே கொண்டு போங்க" என்றார். கொண்டுவந்தோம், மறுநாள் அவியலுக்கு ஆயிற்று.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பருவமழைகளையும் வாங்குகிற குமரி மாவட்டத்தில் வாழ்பவனுக்கு மழை இருட்டில் வண்டி ஓட்டுவது புதிதில்லை. ஒற்றை விளக்கோடு ஓட்டுவதுதான் புதிது. அருமனையிலிருந்து குழித்துறை, மார்த்தாண்டம் வழியாகக் கருங்கல் அருகே உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், உடைந்தது இடப்பக்க விளக்காக இருந்திருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்துக்கொண்டேன். நாம் சாலையின் இடப்புறம் செல்வதால், நம் வண்டியின் அகலம் எதுவரை என்று எதிரே வருபவருக்குக் காட்டுவது வலப்பக்க விளக்கு. அது அணைந்திருந்தால், எரிகிற ஒற்றை இடப்பக்க விளக்கைப் பார்த்து, ஓரமாக ஒரு பைக் வருகிறது என்றே அவர் எண்ணுவார். எண்ணி, காலியாக இருப்பதாகத் தாம் நம்புகிற இடத்துக்குள் தம் வண்டியைக் கொண்டுவருவார். அந்தக் காலியிடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவன் நான். வீட்டு மதில்கள் சாலையை ஒட்டியே நிற்கும் எங்கள் ஊர் வளைவுகளில் அப்படி இரண்டு பேர் கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பினார்கள். அதில் ஒருவர் திட்டிய வார்த்தையை நான் முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன்.

காப்பீட்டில் கேட்கலாமே என்று முதலில் மகன் சொன்னான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாதாரண முழுக் காப்பீட்டில் பாதித் தொகை தேய்மானமாகக் கழியும். ஹெட்லைட்டைக் கண்ணாடி என்று நாம் சொன்னாலும் அது முழுக்க பிளாஸ்டிக்தான். 1500 சிசிக்கு உட்பட்ட காருக்கு நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1000 ரூபாய். இவை போக மிஞ்சுவதற்காக ஒரு கோரிக்கை வைத்தால், பல ஆண்டுகள் கோரிக்கை எதுவும் வைக்காமல் சேர்த்த, பிரீமியத்தில் கழித்துத் தரும் 50 சதவீதப் போனஸ் போய்விடும். தேங்காய் கொடுத்த நஷ்டத்தைவிட அது பெரிய நஷ்டம். ஆகவே கைக்காசுதான் என்று முடிவாயிற்று. அதோடு, வண்டி பதிவானது 2010 டிசம்பரில். பதினைந்து ஆண்டு நிறைந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய காலம் நெருங்கிவிட்டிருந்தது. ஒற்றைக் கண் வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்த முடியாது.

புதிய ஒரிஜினல் விளக்கை விசாரித்தேன். விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆன மாடல் என்பதால் கையிருப்பு இல்லை என்றும், வரவழைத்தால் நாலாயிரத்துக்கு மேல் ஆகும் என்றும், எப்போது வரும் என்று உறுதி சொல்ல இயலாது என்றும் பதில் வந்தது. இன்னொரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதில் பாதிக்கும் குறைவான விலையில் பெயர் தெரியாத புதுச் சரக்கு ஒன்றை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். பளபளப்பாக இருந்தது. கையில் வாங்கியதும் எடை தெரிந்தது. இல்லாதது தெரிந்தது என்று சொல்வதே சரி. பின்பக்கத்து மூடி ஒரு திருகில் உட்காரவில்லை, உள்ளே உள்ள ரிஃப்ளெக்டரின் மடிப்புகள் மழுங்கலாக இருந்தன. ஒளியைச் சாலையில் எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்பதை முடிவு செய்வது அந்த மடிப்புகள்தான். அவை மழுங்கினால் விளக்கு எரியும், வெளிச்சமும் வரும், ஆனால் அந்த வெளிச்சம் பாதி எதிரே வருபவரின் கண்ணிலும் மீதி தென்னை மண்டையிலும் போய் விழும். நல்ல நிலையில் உள்ள பழைய ஒரிஜினல், மோசமான புதியதைவிட மேல் என்பது என் எண்ணம். எங்கள் மெக்கானிக்கும் அதையே சொன்னார். "பழசு நல்லது சாரே, ஆனா சரியான பழசு கிட்டணும்" என்று அவர் சேர்த்துக்கொண்ட பிற்பாதியின் எடை எனக்கு அப்போது புரியவில்லை.

வெளியூரில் காயலான் கடை என்பதை எங்கள் பக்கத்தில் ஆக்கர் கடை என்போம். ஆக்கர் கடைகளில் இரும்பை எடைபோடுபவை வேறு, வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பவை வேறு. இரண்டாம் வகைக் கடை ஒன்றில், நாகர்கோவில் போகும் வழியில், முதல் விசாரணை நடந்தது.

"எந்த வருஷ வண்டி சாரே?"

"2010."

"மாசம்?"

"டிசம்பர்."

"அப்போ புது மூஞ்சி. இருக்கு."

அவர் கொண்டுவந்து கொடுத்த விளக்கைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, வண்டியருகே பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் மேல்முனை பானெட்டின் ஓரத்தோடு சேராமல் ஒரு விரல் அளவு விலகி நின்றது. கீழ்முனை பம்பருக்குள் முட்டியது. திருகாணி ஏறும் துளைகளும் ஒத்துவரவில்லை. மறுநாள் திருப்பிக் கொண்டுபோனபோது, விளக்கைப் பிடித்து நிறுத்தும் காதைச் சீவி, வயரை வெட்டி ஒட்டி உட்கார வைத்துவிடலாம் என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னார். அந்த யோசனைக்கு நான் இணங்காதது அவருக்குச் சிறு வருத்தம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

தவறு அவர் மேல் இல்லை, கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலில் இருந்தது. ஐ10 முதலில் வெளிவந்தது 2007 அக்டோபரில். 2010 செப்டம்பரில் அதன் முகத்தை மாற்றினார்கள்: முன்கிரில், பம்பர், ஹெட்லைட் எல்லாமே வேறு வடிவத்துக்கு வந்தன. வண்டியின் உடம்பு பழையதே, பெயரும் பழையதே. முகம் மட்டும் புதிது. மாதக்கணக்கைப் பார்த்தால் டிசம்பரில் பதிவான என் வண்டி புது முகமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் புதிது வந்தபின் தங்கிப்போன பழைய முகத்து வண்டியைத் தள்ளுபடி கொடுத்து விற்றார்கள், அந்தத் தள்ளுபடிக்காகவே நான் அதை வாங்கினேன் என்பதைப் பதினைந்து ஆண்டுகளில் மறந்துவிட்டிருந்தேன். பதிவுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோது, பதிவு நாள் டிசம்பர் என்றும், தயாரித்த மாதம் அதற்குப் பல மாதம் முந்தையது என்றும் தெளிவாகவே அச்சிட்டிருந்தது. சேஸிஸ் எண்ணிலும் இதற்குத் தடயம் உண்டு. பதினேழு எழுத்துகள் கொண்ட அந்த எண்ணின் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும். 2009க்கு 9, 2010க்கு ஏ, 2011க்கு பி என்று போகும். ஆனால் நடு ஆண்டில் முகம் மாறிய வண்டிக்கு இதுகூடப் போதாது, ஏனென்றால் ஏ என்ற ஒரே எழுத்துக்குள் இரண்டு முகங்களும் அடங்கியிருக்கின்றன. பழைய விளக்கு தேடுபவர் ஆண்டைச் சொல்வதைவிட, வண்டியின் முன்பக்கத்தை நேராக எடுத்த ஒரு புகைப்படத்தைக் கடைக்காரருக்கு அனுப்புவது நல்லது. நான் அதன்பின் அதைத்தான் செய்தேன். ஒரு கடையில் போனில் "ஆ, இது பழைய மூஞ்சி, அன்னே சொல்லியிருக்கலாமே" என்று கடிந்துகொண்டார்கள்.

அதைவிட உறுதியானது பாக எண். உடைந்த விளக்கைக் கழற்றியபோது அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் பாதி எழுத்து அழிந்திருந்தாலும், எண் படிக்கும்படி இருந்தது. இந்த நிறுவனத்தின் பாக எண் ஐந்தும் ஐந்துமாகப் பத்து எழுத்து கொண்டது. முதல் ஐந்து எந்தப் பாகம் என்பதைச் சொல்கிறது: 92101 என்றால் இடப்பக்க ஹெட்லைட், 92102 என்றால் வலப்பக்கம். அது அந்த நிறுவனத்தின் எந்தக் காருக்கும் பொதுவானது. பின்னால் வரும் ஐந்துதான் எந்த மாடல், எந்த முகம் என்பதைப் பிரிக்கிறது. ஆகவே முதல் ஐந்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. இடம், வலம் என்பது இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் இடம், வலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியின் எதிரே நின்று பார்த்து, தவறான பக்கத்தைப் பேசி முன்பணம் கொடுத்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

இதற்கிடையில் அக்கா மகன் சார்ஜாவிலிருந்து பேசினான். குமரி மாவட்டத்தில் எந்தக் குடும்பத்துச் சிக்கலும் வளைகுடாவுக்குப் போய்த்தான் திரும்பும். அங்கே பழைய வண்டிப் பாகங்களுக்கென்றே பெரிய சந்தை இருப்பது பலருக்கும் தெரியும். "மாமா, இங்க மலைபோலக் கெடக்கு, அடுத்த மாசம் வாறப்போ பெட்டியில வச்சுக் கொண்டு வாறேன்" என்றான். சென்னை அருகே செய்யப்பட்ட ஐ10 பல நாடுகளுக்குக் கப்பலேறிய வண்டி. அதன் பழைய முகத்து விளக்கு அங்கே கிடைத்ததில் வியப்பில்லை. படமும் அனுப்பினான். வடிவம் அப்படியே, காதுகள் அப்படியே, கண்ணாடி பளிங்குபோல. எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இணையத்தில் வெளிநாட்டு விளக்கு வாங்கிய இரண்டு பேர் இதை என்னிடம் ஒப்புக்கொள்ளவே இல்லை. டிம் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்தால், மேல்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல ஓர் எல்லைக்கோடு தெரியும். நம் நாட்டு விளக்கில் அந்தக் கோடு வலப்புறம் மட்டமாக இருக்கும், நடுவிலிருந்து இடப்புறம் பதினைந்து பாகை மேல்நோக்கி ஏறும். மட்டமான பகுதி எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுகிறது. ஏறுகிற பகுதி இடது ஓரத்தில் நடந்துபோகிறவரையும், ஓரத்துப் பலகையையும், குடை பிடித்துச் சைக்கிளில் போகிறவரையும் தூரத்திலேயே காட்டுகிறது. வலப்புறம் ஓட்டும் நாட்டு விளக்கில் இது கண்ணாடியில் பார்த்ததுபோல மாறியிருக்கும். அதை இங்கே பொருத்தினால், மேலே ஏறும் வெளிச்சம் நேராக எதிர்வண்டி ஓட்டுநரின் முகத்தில் போய் அடிக்கும், இடது ஓரம் இருண்டு கிடக்கும். பல்பை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது; கோடு ரிஃப்ளெக்டரின் வார்ப்பிலேயே இருக்கிறது.

எந்த நாட்டு விளக்கு என்பதை எரியவிடாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் பொடி எழுத்தில் சில குறிகள் பதித்திருப்பார்கள். எச்சிஆர் என்று இருந்தால், எச் என்பது ஹாலஜனையும், சி என்பது டிம்மையும், ஆர் என்பது பிரைட்டையும் குறிக்கும். அதன் அருகே ஓர் அம்புக்குறியைத் தேட வேண்டும். இடப்புறம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில், எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கத்தைக் காட்டும் கிடைமட்ட அம்பு இருக்கும். அது ஓட்டுநருக்கு இடப்பக்கம். வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில் அம்பே இருக்காது. இரண்டு முனையும் உள்ள அம்பு இருந்தால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடியது என்று பொருள். "மக்ளே, கண்ணாடியில அம்பு இருக்கா பாரு" என்று கேட்டேன். அவன் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இல்லை என்றான். "அப்போ அங்கேயே இருக்கட்டும்" என்றேன். அவனுக்கு நான் வேண்டாம் என்று சொல்வதற்குச் சாக்கு தேடுவதாகத் தோன்றியிருக்க வேண்டும். அக்காவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

அடுத்த மூன்று வாரங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடையே, தக்கலையில், நாகர்கோவிலில் என்று பார்த்ததில், பழைய முகத்து வலப்பக்க விளக்கு நான்கு கைக்கு வந்தன. நான்கையும் பார்த்த பிறகு, இதில் எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு ஓரளவு பிடிபட்டது.

முதல் விளக்கில் காது ஒட்டு. விளக்கை வண்டியோடு பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் நீட்டல்களைத்தான் காது என்கிறோம். முன்பக்கம் மோதினால் கண்ணாடி தப்பினாலும் காது முறியும். சூடு வைத்து உருக்கி ஒட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டியதும் பெயிண்ட் வந்தது. ஒட்டிய காது நம் சாலைகளின் குலுக்கலில் எத்தனை நாள் தாங்கும் என்பது அதிர்ஷ்டம். காது லேசாக ஆடினாலும் வெளிச்சம் சாலையில் நடுங்கும்.

இரண்டாவது பார்க்க அழகாக இருந்தது. பின்மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தபோது, பல்புக்கு நேர் மேலே ரிஃப்ளெக்டர் பழுப்பேறி, கொப்புளித்து இருந்தது. முந்தைய உரிமையாளர் வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போட்டிருக்கிறார். இந்த விளக்கு எச்4 வகை, 60/55 வாட்டுக்கு வார்த்தது. கூடுதல் வாட் தரும் சூடு முதலில் ஹோல்டரை உருக்கும், பிறகு ரிஃப்ளெக்டர்மேல் பூசிய மெல்லிய அலுமினியப் படலத்தைக் கருக்கும். அந்தப் படலத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். துணி பட்டாலே அது துணியோடு வந்துவிடும்.

மூன்றாவதன் உள்ளே, பாதி உயரத்தில், பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு மண்வரி ஓடியது. கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார்: 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் மூழ்கிய வண்டி. தண்ணீர் நின்ற உயரத்தை விளக்கு இத்தனை ஆண்டு தன்னுள் வைத்துக்கொண்டிருந்தது. அவர் சொன்ன இன்னொன்றும் நினைவில் வைக்கத்தக்கது. முன்னால் மோதிய வண்டியில் விளக்கு மிஞ்சாது. நல்ல விளக்கு வேண்டுமென்றால் பின்னால் அடிவாங்கிய வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். அதைக் கேட்டபின், முகம் தெரியாத யாரோ ஒருவரின் காரைப் பின்னாலிருந்து யாராவது இடிக்க வேண்டுமென்று நான் மறைமுகமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேனோ என்ற கூச்சம் இரண்டு நாள் இருந்தது.

நான்காவது அப்படிப்பட்டதுதான். களியக்காவிளை அருகே ஒரு கடை. கே.எல். 20, அதாவது நெய்யாற்றின்கரைப் பதிவு வண்டி ஒன்று, பின்னால் லாரி இடித்து டிக்கி பின்சீட்டுவரை வந்துவிட்ட நிலையில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பக்கம் முழுசாக இருந்தது. விளக்கை வண்டியிலிருந்து என் கண்முன் கழற்றச் சொன்னேன். ஏற்கெனவே கழற்றி வைத்த சரக்கைவிட, வண்டியோடு இருப்பதைப் பார்த்து வாங்குவதில் ஒரு நிம்மதி உண்டு. பாக எண் ஒத்தது. அம்பு இருந்தது. காதுகள் அனைத்திலும் தொழிற்சாலை வார்ப்பின் கூர்மை மாறவில்லை. குலுக்கினேன், சத்தமில்லை. குலுக்கினால் கடகடவென்றால், வெளிச்சத்தின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் பல்லோ, ரிஃப்ளெக்டரைப் பிடித்திருக்கும் குமிழோ உடைந்திருக்கிறது என்று பொருள். ஸ்டார் ஸ்குரூடிரைவரால் அந்தத் திருகைத் திருப்பியபோது உள்ளே ரிஃப்ளெக்டர் மெல்லத் தலையாட்டியது. பிறகு கடையிலிருந்த பேட்டரியில் இணைத்து, கொஞ்சம் தள்ளி நின்று ஷட்டர் கதவில் டிம் அடித்தோம். கோடு தெளிவாக விழுந்தது, இடப்புறம் ஏறியது.

கண்ணாடி மட்டும் லேசாக மஞ்சள். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின்மேல் வெயிலைத் தடுக்கும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். அது தேய்ந்ததும் மஞ்சளேறும். பானெட்டின் ரப்பருக்கடியில் மறைந்திருந்த ஓரத்துக் கீற்று மட்டும் தெளிவாக இருந்தது. இப்படி வித்தியாசம் தெரிந்தால் நல்லது, யாரும் ஏமாற்றப் பாலிஷ் போடவில்லை என்று அறியலாம். விற்பதற்காக உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய கண்ணாடி மறைந்த ஓரத்திலும் ஒரே மாதிரி மின்னும், ஆனால் காப்புப் பூச்சு போய்விட்டதால் சில மாதத்தில் முன்னைவிட வேகமாக மங்கும்.

2000 கேட்டார், 1400க்கு முடிந்தது. ஹோல்டர்கள், பல்புகள், பின்மூடி, வயரை இணைக்கும் கப்ளரோடு சேர்ந்த ஒரு சாண் வயர் எல்லாம் அதிலேயே. எங்களூர் உப்புக்காற்றில் கப்ளரின் பித்தளைக் கால்கள் பச்சை பூத்திருப்பது சாதாரணம். மாற்றுக்கு ஒன்று கையில் இருந்தால் நல்லது. ரசீது கேட்டேன். பழைய பாகத்துக்கு எதற்கு ரசீது என்றார். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று அதன் பதிவெண்ணோடு எழுதித் தாருங்கள் என்றேன். திருட்டு வண்டியின் பாகம் தெரியாமல் கைக்கு வந்தால், பிறகு பதில் சொல்ல நம்மிடம் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, வண்டி காப்பீட்டு நிறுவனம் முழு நஷ்டம் என்று கழித்தது என்பதற்கான தாளை எடுத்துக் காட்டி, அதன் எண்ணையே ரசீதில் எழுதினார்.

பொருத்தும் வேலை எங்கள் மெக்கானிக் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பம்பரைத் தளர்த்தினால்தான் விளக்கு வெளியே வரும் என்பதால், இதை வீட்டு முற்றத்தில் செய்யப் போய் பம்பர் கிளிப்புகளை உடைத்துக்கொள்ள வேண்டாம். புதிய பல்பு போடும்போது அதன் கண்ணாடியைத் தொட வேண்டாம் என்று அவருடைய பையனை அவர் அதட்டியது சரியே. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு நிறப் பல்பு இருக்கிறதா என்று பார்த்தோம், ஏனென்றால் இந்த விளக்கின் கண்ணாடி வெள்ளை. நிறம் பல்பிலிருந்துதான் வர வேண்டும். ஆரஞ்சுப் பல்பின் முளைகள் நேருக்கு நேர் இல்லாமல் சற்று விலகி இருக்கும், வெள்ளைப் பல்பு அதில் உட்காரக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அன்றிரவு பெய்த மழைக்குப் பிறகு காலையில் பார்த்தால், கண்ணாடியின் உள்ளே ஒரு மூலையில் பனி படர்ந்ததுபோல் இருந்தது. எனக்கு நெஞ்சு பதறியது. மெக்கானிக்குக்குப் போன் செய்தபோது, விளக்கை அரை மணி நேரம் எரியவிடுங்கள், போய்விட்டால் பயப்பட வேண்டாம் என்றார். போய்விட்டது. விளக்குகளில் காற்று வந்துபோகச் சிறு துளைகள் உண்டு, அதனால் ஈரப்பதம் லேசாகப் படிந்து கரைவது இயல்பு. சொட்டாக நின்றாலோ, அடியில் தண்ணீர் தேங்கினாலோதான் பசை விட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

வெளிச்சத்தின் உயரத்தைச் சரிசெய்வதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். விளக்கு மாறினால் இது கட்டாயம். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, நான் இருக்கையில் உட்கார்ந்து, மகன் அளவுநாடாவோடு நிற்க, சர்ச் மைதானத்தின் மதிலுக்கு நேராக வண்டியை நிறுத்தினோம். மதிலருகே கொண்டுபோய் விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து, பத்து மீட்டர் பின்னால் வந்து டிம் போட்டால், மட்டமான கோடு அந்தக் குறிக்கு ஏறத்தாழப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். புதிய விளக்கு இருபது சென்டிமீட்டர் மேலே அடித்துக்கொண்டிருந்தது; நாலைந்து சுற்றில் இறங்கிவந்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், அரை மீட்டர் வலப்புறம் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவரைக் கூசச் செய்யக் கூடாது என்கிறது. மகனை அந்த இடத்தில் முழங்காலை மடக்கி நிற்கவைத்துக் கேட்டேன். கூசவில்லை என்றான். சர்ச்சுக்கு வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஆய்வில் விளக்கைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. மூன்று வாரத் தேடலின் பலனைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, இரண்டு நொடி பார்த்துவிட்டு, அடுத்தது ஹார்ன் என்றார் ஆய்வாளர்.

ஜனவரியில் களியக்காவிளைக் கடைக்காரர் போன் செய்தார். அந்த கே.எல். 20 வண்டியின் இடப்பக்க விளக்கும் அப்படியே இருக்கிறது, மீதி வண்டியை எடைக்குப் போடப் போகிறேன், வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். 900 ரூபாய்க்கு வாங்கிய அந்த விளக்கு இப்போது பழைய வேட்டியில் சுற்றி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. என் மனைவி அதைத் தேங்காய்க் கூடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.